ஆட்டிசம்: சுண்டெலி சொல்வதும் சொல்லாததும்

எலிக்கு ஆட்டிசம் வருமா? வராது. ஒரு குழந்தை எப்படிப் பேசுகிறது, மற்றவரோடு எப்படிப் பழகுகிறது, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, ஒலியையும் தொடுதலையும் எப்படி உணர்கிறது என்பதையெல்லாம் கவனித்த பிறகே மருத்துவர் 'ஆட்டிசம்' என்ற பெயரைச் சொல்கிறார். எலிக்குப் பேச்சு கிடையாது. அதன் உலகமும் வேறு. ஆனாலும், ஆட்டிசம் உள்ளவர்களின் மூளை எப்படி வளர்கிறது என்பதை அறிய, ஆய்வகங்கள் முப்பது ஆண்டுகளாகச் சுண்டெலிகளையும் எலிகளையும் நம்பியிருக்கின்றன.

இதில் ஆசிரியர்களாகிய நமக்கு என்ன இருக்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. உள்ளடக்கிய கல்வியின் வழியாக அந்தக் குழந்தைகள் நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் மனதில் உள்ளதைக் கேட்க முதலில் வருவதும் நம்மிடம்தான். என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள் இரண்டு. "நாங்க வளர்த்ததுல ஏதாவது தப்பாயிடுச்சா டீச்சர்?" என்பது ஒன்று. "எலிக்குக் குணமாயிடுச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்காங்களே, அந்த மருந்து நமக்கு எப்ப வரும்?" என்பது மற்றொன்று. எலி ஆய்வுகள் எதுவரை சொல்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்று தெரிந்திருந்தால் இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லலாம்.

பழி விழுந்த இடம்

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் ஆட்டிசம் மருத்துவ உலகில் தனிப் பெயர் பெற்றது. அதன் பிறகு வெகுகாலம் பழி பெற்றோர் மீதே விழுந்தது. தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்ற கருத்தை, புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் ஊரெங்கும் பரப்பியது.

அதை அசைத்தது இரட்டையர் ஆய்வு. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் பிரிட்டனில் 21 இரட்டையர் இணைகளின் விவரங்களை வெளியிட்டனர். ஒவ்வோர் இணையிலும் குறைந்தது ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தது. ஒரே கருமுட்டையில் உருவான 11 இணைகளில் 4 இணைகளில் இரு குழந்தைகளுக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கருமுட்டைகளில் உருவான 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் வளர்ப்புதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்கக் கூடாது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகளும் மரபணுக்களின் பங்கை உறுதிசெய்தன. இன்று ஆட்டிசத்தோடு தொடர்புடையவையாக நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலான குழந்தைகளிடம் ஒரே ஒரு மரபணுவைக் காரணமாகக் காட்ட முடியாது. சிலரிடம் மட்டும் அப்படிக் காட்ட முடிகிறது. எலி ஆய்வு தொடங்குவது அந்தச் சிலரிடமிருந்துதான்.

ஏன் சுண்டெலி?

குழந்தையின் மூளை தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. அதைத் திறந்து பார்க்க வழியில்லை. சுண்டெலி சுமார் 20 நாளில் குட்டி போடும். குட்டி இரண்டு வாரத்தில் கண் திறக்கும், மூன்று வாரத்தில் பால் மறக்கும், இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். மனிதக் குழந்தைக்குக் கருவறையின் கடைசி மாதங்களில் நடக்கும் மூளை வளர்ச்சியின் ஒரு பகுதி, சுண்டெலிக்குப் பிறந்த பிறகே நடக்கிறது. ஆகவே அதைக் கண்ணால் பின்தொடர முடிகிறது.

இன்னொரு காரணம் மரபணு ஒற்றுமை. 2002இல் சுண்டெலியின் மரபணுத் தொகுப்பு வெளியானபோது, அதன் மரபணுக்களில் சுமார் 99 விழுக்காட்டுக்கு மனிதரிடம் இணையான மரபணு இருப்பது தெரியவந்தது. குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்து சுண்டெலியை உருவாக்கும் முறையும் கையில் இருந்தது. அந்த முறைக்கு வழிவகுத்ததற்காக மரியோ கபேச்சி, மார்ட்டின் எவான்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் மூவரும் 2007இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஒற்றுமையைச் சொல்லும்போது வேற்றுமையையும் சொல்லவேண்டும். சுண்டெலியின் மூளை அரை கிராம்கூட இருக்காது. நம்முடையது ஏறத்தாழ 1,300 கிராம். அதில் சுமார் 7 கோடி நியூரான்கள். நம்மிடம் சுமார் 8,600 கோடி. சிந்தனைக்கும் மொழிக்கும் உதவும் பெருமூளைப் புறணி நம்மிடம் வளர்ந்த அளவுக்கு அதனிடம் இல்லை.

ஒரு மரபணுவின் கதை

எடுத்துக்காட்டாக ஃப்ரஜைல் எக்ஸ் என்ற நிலையைப் பார்ப்போம். சுமார் 4,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது எக்ஸ் குரோமோசோமின் ஒரு முனை ஒடிந்து விழப்போவது போலத் தெரிவதால் இந்தப் பெயர். இந்நிலை உள்ள சிறுவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை ஆட்டிசத்தின் இயல்புகளும் கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஆட்டிசம் உள்ள எல்லாக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டால் ஃப்ரஜைல் எக்ஸ் உள்ளவர்கள் நூற்றுக்குச் சிலர்தான்.

இதற்குக் காரணமான எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணு 1991இல் கண்டறியப்பட்டது. அந்த மரபணுவில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று அடுத்தடுத்து வருகிறது. பெரும்பாலோரிடம் அது 30 முறை அளவில் வரும். 200 முறைக்கு மேல் போய்விட்டால் மரபணுவே ஓய்ந்துவிடுகிறது. அது உருவாக்கவேண்டிய புரதம் உருவாவதில்லை. 1994இல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் இதே மரபணு செயல்படாத சுண்டெலியை உருவாக்கினார்கள்.

அதன் மூளையில் என்ன தெரிந்தது? பத்தாம் வகுப்பில் நியூரான் படம் வரையச் சொல்கிறோமே, அதில் டென்ட்ரைட்டுகளின் மேல் நாம் வரையாத சிறு மொட்டுகள் உண்டு. அடுத்த நியூரானின் செய்தி பெரும்பாலும் இந்த மொட்டுகளில் உள்ள சினாப்ஸில்தான் வந்து சேர்கிறது. இளம் மூளையில் இவை நீண்டு மெலிந்து, எண்ணிக்கையில் மிகுதியாக இருக்கும். கீரைப் பாத்தியில் நெருக்கமாக முளைத்ததைக் களைந்துவிட்டால் மிச்சமுள்ளவை தடித்து வளர்வதைப் போல, வளர வளரச் சில மொட்டுகள் மறைந்து மற்றவை தடித்து நிலைபெறுகின்றன. ஃப்ரஜைல் எக்ஸ் சுண்டெலியிடம் மொட்டுகள் நெருக்கமாகவும் நீண்டு மெலிந்தும் இருப்பது 1997இல் தெரிந்தது. அந்நிலையோடு வாழ்ந்து இறந்த மனிதர்களின் மூளையிலும் இப்படியே காணப்பட்டது.

காரணம் இதுதான். விடுபட்ட புரதம் சினாப்ஸ் அருகே நடக்கும் புரத உற்பத்திக்கு பிரேக் போன்றது. அது இல்லாததால் உற்பத்தி கட்டுப்பாடின்றி நடக்கிறது. உற்பத்தியைத் தூண்டும் ஆக்சிலேட்டர் போல எம்ஜிளூர்5 என்ற ஏற்பி இருக்கிறது. பிரேக் இல்லாத வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் என்ன? 2007இல் மார்க் பேரின் ஆய்வுக் குழு இதைச் சுண்டெலியில் செய்து பார்த்தது. அந்த ஏற்பியின் அளவைப் பாதியாகக் குறைத்தபோது மொட்டுகளின் நெருக்கம் சீரானது. பேரொலி கேட்டு வரும் வலிப்பு குறைந்தது. மறுபடியும் பல இயல்புகள் திரும்பின. செய்தித்தாள்களில் 'எலிகளில் சரிசெய்யப்பட்டது' என்று வருவது இப்படிப்பட்ட முடிவுகளைத்தான். இது பொய்யில்லை. எலியில் நடந்தது உண்மை.

எலியின் நடத்தையை அளப்பது எப்படி?

மூளையைப் பார்த்தால் போதாது, நடத்தையையும் பார்க்கவேண்டும். இதற்கு ஜாக்குலின் கிராலி என்ற ஆய்வாளரின் குழு வகுத்த மூன்று அறைப் பெட்டிச் சோதனை பரவலாகப் பயன்படுகிறது. நடு அறையில் சுண்டெலியை விடுகிறார்கள். ஒரு பக்க அறையில் கம்பிக்கூண்டுக்குள் பழக்கமில்லாத வேறொரு சுண்டெலி. மறுபக்க அறையில் வெறும் கூண்டு. பத்து நிமிடத்தில் எந்தப் பக்கம் அதிக நேரம் கழிக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். சுண்டெலி கூட்டமாக வாழ்வது. ஆகவே பெரும்பாலும் மற்றொன்றின் அருகே போய் முகர்ந்து பார்க்கும். சில மரபணு மாற்றங்கள் உள்ளவை அப்படிப் போவதில்லை.

தாயைப் பிரிந்த குட்டிகள் நம் காதுக்கு எட்டாத மீயொலியில் கத்தும். அந்தக் கத்தலையும் பதிவுசெய்கிறார்கள். திரும்பத் திரும்பச் செய்யும் செயலுக்கு, உடலை நக்கிச் சுத்தம் செய்யும் நேரத்தை அளக்கிறார்கள். 2011இல் குவோபிங் ஃபெங் குழுவினர் ஷேங்க்3 என்ற மரபணுவை மாற்றிய சுண்டெலிகள், தோல் புண்ணாகும்வரை தம்மையே சுத்தம் செய்ததைக் கண்டார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். நம் வகுப்பில் ஒரு குழந்தை கைகளை அசைத்துக்கொண்டே இருக்கிறது. அது மகிழ்ச்சியாக இருக்கலாம், பதற்றத்தைத் தணித்துக்கொள்வதாக இருக்கலாம். சுண்டெலி உடலை நக்குவதும் இதுவும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. கூண்டருகே எத்தனை விநாடி நின்றது என்பதும் நட்பும் ஒன்றாகிவிடாது. எலி ஆய்வு மூளையின் ஓர் இணைப்பு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும். குழந்தையின் அனுபவத்தைக் காட்டாது.

மருந்து மனிதரிடம் வந்தபோது

சுண்டெலியில் கிடைத்த வெற்றியை நம்பி, அதே ஏற்பியின் வேகத்தைக் குறைக்கும் மேவோகுளூரன்ட் என்ற மருந்து ஃப்ரஜைல் எக்ஸ் உள்ள பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கப்பட்டது. இரு ஆய்வுகளிலும் சேர்த்து 300க்கும் மேற்பட்டோர். ஒரு பகுதியினருக்கு மருந்து. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 12 வாரங்களுக்குப் பின் கணக்கிட்டால் இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. 2016இல் முடிவுகள் வெளியாயின.

ஏன் இப்படி ஆனது என்று ஆய்வாளர்கள் பல கோணங்களில் விவாதித்தார்கள். சுண்டெலியில் அந்த ஏற்பி கருவிலிருந்தே குறைக்கப்பட்டிருந்தது. மனிதர்களுக்கோ மருந்து 12 வயதுக்கு மேல்தான் தொடங்கியது. அப்படியானால் சிறு வயதில் கொடுத்தால்? அதையும் செய்தார்கள். மூன்று வயதை நெருங்கியவர்கள் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மருந்தோடு தீவிர மொழிப் பயிற்சியும் கொடுக்கப்பட்டது. 2024இல் வெளியான முடிவு: மருந்து பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் இரு பிரிவுக் குழந்தைகளும் மொழியில் முன்னேறியிருந்தார்கள்.

இதைப் போன்றே லோவாஸ்டாட்டின் என்ற, கொழுப்பைக் குறைக்கும் மருந்தும் சோதிக்கப்பட்டது. 2020இல் வெளியான அந்த ஆய்வில் 10 முதல் 17 வயதுள்ளவர்களின் பெற்றோர், எழுத்தில்லாத படக்கதைப் புத்தகங்களை வைத்துப் பிள்ளையோடு கதை பேசப் பயிற்சி பெற்றார்கள். அங்கும் மருந்தால் கூடுதல் பயன் தெரியவில்லை. இரு பிரிவினரும் முன்னேறினார்கள். பயிற்சியே பெறாத மூன்றாவது பிரிவு இந்த ஆய்வுகளில் இல்லை. ஆகவே முன்னேற்றம் முழுவதும் பயிற்சியால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பேச்சும் கதையும் நம் தொழில் என்பதால், இது ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய செய்தி.

எலி கற்பித்த மூன்று பாடங்கள்

மருந்து வெற்றி பெறாததால் எலி ஆய்வு வீணாகிவிடவில்லை.

முதல் பாடம், காலம் முக்கியம். ஷேங்க்3 மரபணுவை வளர்ந்த சுண்டெலியில் மீண்டும் செயல்படச் செய்தபோது மற்றவற்றோடு பழகுவதும் அளவுமீறிச் சுத்தம் செய்வதும் சீராயின. ஆனால் பதற்றமும் உடல் ஒருங்கிணைப்பும் சீராகவில்லை. இளம் வயதில் செய்தபோது அவையும் மேம்பட்டன. 2016இல் வெளிவந்த இந்த முடிவு இரண்டு செய்திகளைச் சொல்கிறது: சீக்கிரம் தொடங்குவது நல்லது, தாமதமானாலும் மூளை கதவை முழுவதும் சாத்திவிடுவதில்லை. 2019இல் எடின்பரோவும் பெங்களூருவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஃப்ரஜைல் எக்ஸ் எலிகளுக்கு 5ஆம் வாரம் முதல் 9ஆம் வாரம் வரை மட்டும் லோவாஸ்டாட்டின் கொடுத்தார்கள். எந்தப் பொருள், எந்த இடத்தில், எந்தச் சூழலில் இருந்தது என்ற நினைவில் வரும் குறை வராமல் தடுக்கப்பட்டது. மருந்தை நிறுத்தி மூன்று மாதம் கழித்தும் அந்தப் பயன் நீடித்தது.

இரண்டாம் பாடம், தொடுதலைப் பற்றியது. 2016இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் லாரன் ஒரெஃபிச்சே, டேவிட் ஜிண்டி குழுவினர், ஆட்டிசத்தோடு தொடர்புடைய சில மரபணுக்களை மூளையில் தொடாமல், தோலிலிருந்து தொடு உணர்வைக் கொண்டுவரும் நரம்புகளில் மட்டும் நீக்கினார்கள். சுண்டெலிகள் லேசான தொடுதலுக்கே துள்ளின. வளர்ச்சிப் பருவத்திலேயே நீக்கியபோது, பின்னாளில் பதற்றமும் மற்றவற்றை விட்டு ஒதுங்குவதும் சேர்ந்து வந்தன. புதுச் சீருடையின் காலர் உறுத்துகிறது என்று அழும் பிள்ளையை நாம் 'அடம்' என்று சொல்வதற்கு முன் யோசிக்க இது போதும்.

மூன்றாம் பாடம், சூழல். 2005இல் இத்தாலிய ஆய்வாளர்கள், ஃப்ரஜைல் எக்ஸ் சுண்டெலிகளை ஏறவும் ஓடவும் ஆராயவும் பொருள்கள் நிறைந்த பெரிய கூண்டில் வளர்த்தார்கள். அவற்றின் நடத்தை மேம்பட்டது. நியூரான் மொட்டுகளும் முதிர்ந்த வடிவத்தை நோக்கி மாறின. பிறவியில் வந்த மரபணு அப்படியேதான் இருந்தது. வாழ்ந்த இடம்தான் மாறியது.

பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது

ஒரு தந்தை நகையை அடகு வைத்துப் பிள்ளைக்கு ஸ்டெம் செல் ஊசி போடப் போவதாக என்னிடம் சொன்னார். கையில் ஒரு விளம்பரத் தாள் இருந்தது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் கூறியிருப்பதைச் சொல்லி, அரசு மருத்துவமனை மருத்துவரிடம் கேட்ட பிறகு முடிவெடுக்கச் சொன்னேன். நாம் மருத்துவர் ஆகவேண்டியதில்லை. ஒரு செய்தியை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரலாம். நான்கு கேள்விகள் போதும்:

1. இது யாரிடம் செய்யப்பட்டது? எலியிடமா, மனிதரிடமா?
2. எந்த மரபணு, எந்த நிலை? என் பிள்ளைக்கு அதுதானா?
3. எந்த வயதில் கொடுத்தார்கள்? எதை அளந்தார்கள்?
4. மனிதரிடம் செய்திருந்தால், போலி மருந்து பெற்ற பிரிவோடு ஒப்பிட்டார்களா?

"நாங்க வளர்த்ததுல தப்பா?" என்று கேட்கும் தாய்க்கு, இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். பாசக் குறைவால் சினாப்ஸ் மொட்டுகள் இப்படி வளர்வதில்லை. சுண்டெலிக்குப் பழி சொல்ல யாரும் இல்லை; அங்கே மாற்றப்பட்டது மரபணு மட்டுமே, அதிலேயே இந்த மாற்றங்கள் வந்தன.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை எளியவை. சந்தேகம் வந்த உடனேயே வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் தெரிவிப்போம். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று விடவேண்டாம். தோளைத் தட்டிப் பாராட்டும் முன் அந்தக் குழந்தைக்கு அது பிடிக்குமா என்று அறிவோம். மணியும் ஒலிபெருக்கியும் தொல்லை தருகின்றனவா என்று கவனித்து இருக்கையை மாற்றுவோம். பல பொருள்கள் நிறைந்த சூழல் சுண்டெலிக்கு நன்மை செய்தது என்பதற்காகச் சுவர் முழுக்கப் படம் ஒட்டவேண்டாம். சில குழந்தைகளுக்கு அதுவே கண்ணைக் கூசும். தொட்டு, செய்து, ஆராய்ந்து பார்க்க அந்தக் குழந்தை விரும்பும் பொருள்களைக் கொடுப்போம். படக்கதைப் புத்தகம் ஒன்றை நாளும் பத்து நிமிடம் சேர்ந்து பார்ப்போம்.

உயர் வகுப்பு மாணவர்கள் "எலிகளை இப்படிச் செய்யலாமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. விலங்கில்லாமல் செய்ய முடிந்தால் அப்படிச் செய்வது, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைக் குறைப்பது என்ற மூன்று நெறிகளை 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் வகுத்தார்கள். நம் நாட்டில் விலங்குவதைத் தடைச் சட்டம் 1960இன் கீழ் அமைந்த குழு இத்தகைய ஆய்வுகளைக் கண்காணிக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, மாணவர்களையே விவாதிக்க விடலாம்.

சுண்டெலிக்கு மொழி கற்பிக்க யாராலும் முடியாது. ஆகவே ஒரு குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது, எந்தச் சொல்லுக்கு முதன்முதலில் திரும்பிப் பார்க்கிறது, யார் அருகில் அமர்ந்தால் அமைதியாகிறது என்பதை எந்த ஆய்வகமும் எலியிடமிருந்து சொல்லிவிடாது. அதை நாள்தோறும் பார்ப்பவர் வகுப்பு ஆசிரியர். பார்த்ததைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சிறப்பாசிரியருக்கும் மருத்துவருக்கும் அந்தக் குறிப்பேடு மிகவும் பயன்படும்.